யாகசாலையில் உப்பிய பேட்டரிகள்

ட்ரோன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்கள். உரிமம் வாங்கித் தரவும் ஆள் இருக்கிறார்கள். ட்ரோன் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்று படம் எடுத்துப் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பேச நினைப்பது பேட்டரியைப் பற்றி மட்டும். வாயால் பேச ஆரம்பித்தால் எல்லாரும் டீ குடிக்க எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் எழுதிவிட்டேன். படிக்கும்போது நீங்கள் எழுந்து போனால் எனக்குத் தெரியப்போவதில்லை, மனசும் நோகாது.

நான் யார் என்று கேட்பவர்களுக்கு: சங்கராபுரத்தில் லாரிக்கும் டிராக்டருக்கும் பேட்டரி சார்ஜ் போட்டுத் தரும் கடை வைத்திருந்தவள். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சேலை அந்த நாளில் என்னிடம் ஒன்றுகூட இருந்ததில்லை. பிறகு கரும்புக்கும் நெல்லுக்கும் ட்ரோனில் மருந்து அடிக்கும் குழு ஒன்று எங்கள் பக்கம் வந்தது. பேட்டரி தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள், போய்ச் சேர்ந்தேன். முட்டி வலி வந்து வரப்பு ஏற முடியாமல் போகும்வரை அந்தக் குழுவின் பேட்டரிகளுக்கு நான்தான் பொறுப்பு. பைலட் பறக்கவிடுவான். எந்த பேட்டரியைக் கொடுப்பது, எதைக் கொடுக்க மறுப்பது என்பது என் வேலை. கொடுப்பதில் ஒன்றுமில்லை. மறுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பழைய தண்ணீர் பேட்டரிக்குக் கோபம் வந்தால் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். ட்ரோனில் போடுகிற லித்தியம் பாலிமர் பேட்டரி, நாம் லிப்போ என்கிறோமே, அதற்குக் கோபம் வந்தால் தீப்பிடிக்கும். வெயிலில் வைத்தால் கோபம். கீழே போட்டால் கோபம். வயிறு நிறைய சார்ஜ் ஏற்றிச் சும்மா உட்கார வைத்தால் கோபம். ஒட்டக் காலி பண்ணினாலும் கோபம். எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளையைச் சமாளித்த அனுபவம் இருந்ததால் எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். இத்தனை காலத்தில் பேட்டரியைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்துக் கெடுத்தவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் அன்பால் வந்த வினை.

மணலூர்பேட்டைப் பக்கம் ஒரு நெல் வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்தோம். இறங்கிய ட்ரோனிலிருந்து பேட்டரியைக் கழற்றி நிழலில் வைத்தேன். பறந்து வந்த பேட்டரி சூடாக இருக்கும். அது தானாக ஆறவேண்டும், ஆறிய பிறகுதான் சார்ஜ் போடலாம். அடுத்த பேட்டரியை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், வைத்ததைக் காணோம். நிலத்துக்காரப் பெரியவர் அதைப் பம்புசெட் தொட்டியில் இறக்கி முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க பண்றீங்க?” என்று கத்தினேன்.

“நீ இன்னாம்மா பண்ற? தொட்டா காய்ச்சலா கொதிக்குது. வாயில்லாதத இப்பிடியா சூட்டோட போட்டு வெச்சிகினு இருப்ப?” என்று அவர் என்னைத் திட்டினார்.

உழுதுவிட்டு வந்த மாட்டுக்கு என்ன செய்வாரோ அதைச் செய்திருக்கிறார். அந்த பேட்டரி அன்றோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பேட்டரியை எங்கே வைக்கிறேன் என்பதோடு, அதன்மேல் யாருக்குப் பாசம் வரும் என்றும் பார்த்து வைக்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்தும் போதவில்லை என்பதற்குத்தான் இனி சொல்லப்போகும் கதை.

கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க் கோயில் கமிட்டித் தலைவர் என் வீட்டு வாசலில் வந்து நிற்பார், அதனால் வேண்டாம். கரும்பு விவசாயி, நல்ல மனிதர். நல்லது செய்யக் கிளம்பும்போது மட்டும் யார் பேச்சையும் கேட்கமாட்டார்.

அந்த ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கலசத் தண்ணீரைக் கோபுரத்தில் ஊற்றியதும் கூட்டத்தின் மேல் தீர்த்தம் தெளிப்பார்கள், உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த கும்பாபிஷேகத்தில் அந்தத் தீர்த்தம் முன்வரிசையோடு நின்றுவிட்டது. பின்னால் நின்ற தெற்குத் தெரு ஜனத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் தெரு அது. இந்தத் தடவை கோயில் திருப்பணிக்குச் செங்கல்லும் மணலும் தலையில் சுமந்தவர்கள் அந்தத் தெருப் பெண்கள்தான். அவர்களில் செல்லம்மா என்று ஒருத்தி. கரும்பு வெட்டப் போகிற கைக்காரி, பேச்சிலும் வெட்டு இருக்கும். அவள் கமிட்டி முன்னால் போய் நின்று சொல்லியிருக்கிறாள்:

“கல்லு மண்ணு சொமக்க எங்க தலை வேணும், தீர்த்தம் தெளிக்க மட்டும் வேணாமா? இந்தத் தபாவும் எங்க பக்கம் வரலைன்னா, தேரு இழுக்க தெக்குத் தெருவுலேர்ந்து ஒரு ஆளு வரமாட்டான்.”

தலைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “கடைசி ஆளு தலைமேலயும் தீர்த்தம் வுழும். அம்மன் மேல சத்தியம்” என்று கற்பூரத்தை அடித்துவிட்டார். அடித்த பிறகுதான் எப்படி என்று யோசித்திருக்கிறார். யோசித்ததில் எங்கள் ஞாபகம் வந்திருக்கிறது.

பூச்சிமருந்து அடித்த டேங்க்கில் தீர்த்தம் ஊற்றமுடியாது. டேங்க், குழாய், மருந்து தூவும் மூக்கு எல்லாவற்றையும் புதிதாக மாற்றினோம். ஜனங்களின் தலைக்கு நேர்மேலே பறக்கமாட்டோம் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டேன். கூட்டத்துக்கு நடுவே கயிறு கட்டி அகலமாக ஒரு சந்து விடவேண்டும். அந்தச் சந்துக்கு மேலே ட்ரோன் போகும், காற்றே தண்ணீரை இரண்டு பக்கமும் கொண்டுபோகும். தலைவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் கவனமாக இருக்கவேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்களிடம் நாலு பேட்டரி. ஒரு தடவை பறக்க ஒன்று வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மூன்றை முழுசாகச் சார்ஜ் போட்டுக் கொண்டுபோனோம். நாலாவது அன்றைக்கு மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துவிட்டு நேராக வந்தது. தலைவர் கோயில் வாசலில் எங்களை நிறுத்தி ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார்.

“இது மூணும் சரி. இது மருந்து வாடை வீசுது. இத்த உள்ள எடுத்துகினு வராதீங்க, சுத்தபத்தமா இருக்கணும்” என்று நாலாவதை வெளியே தள்ளிவிட்டார்.

சரி, நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அதை மட்டும் இரும்புப் பெட்டியில் வைத்து நான் சங்கராபுரத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். மற்ற மூன்றையும் கோயிலுக்கு எதிர்வீட்டு அறையில், வெயில் படாத இடத்தில் வைத்து, எங்கள் பைலட் தினேஷைக் காவல் இருக்கச் சொன்னேன். தினேஷ் தங்கமான பையன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். பெரியவர்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல மட்டும் அவனுக்கு நாக்கு எழாது.

மறுநாள் விடிந்ததும் நாலாவது பேட்டரி நன்றாக ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சார்ஜில் போட்டேன். போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு நகரமாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. நிறைந்ததும் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊருக்குள் நுழையும்போதே மேளச் சத்தம், வாழைமரம், மைக்கில் தலைவரின் குரல். எதிர்வீட்டு அறையைப் போய்ப் பார்த்தால் தினேஷ் இருக்கிறான், பேட்டரிகள் இல்லை.

“எங்கடா?”

“கோயில் உள்ள பத்திரமா இருக்குதுக்கா.”

“உள்ளன்னா எங்க?”

அவன் வாயால் சொல்லாமல் கையால் காட்டினான். யாகசாலை.

ஓடினேன். முட்டி வலி எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஹோம குண்டத்துக்கு ஓர் அடி தள்ளி ஒரு மணைப்பலகை. அதன்மேல் வாழையிலை. இலையில் வரிசையாக எங்கள் மூன்று பேட்டரிகளும் உட்கார்ந்திருந்தன. சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு சாமந்திச் சரம். ஒவ்வொன்றின் இடுப்பிலும் மஞ்சள் கயிறு காப்பு. இரு பக்கமும் கலசங்கள். முதல் நாள் நான் சங்கராபுரத்துக்குக் கிளம்பிய பிறகு தலைவர் வந்து, தீர்த்தம் தெளிக்கப் போகிற எதுவும் யாகசாலையில் இருந்துவிட்டுத்தான் கிளம்பவேண்டும் என்று தினேஷிடம் சொல்லியிருக்கிறார்.

“இன்னாக்கா பண்றது, சாமி பேரச் சொல்லிக் கேட்டாரு” என்றான் தினேஷ், எனக்குப் பின்னால் நின்று.

முழுச் சார்ஜில் இருக்கிற லிப்போவை ராத்திரி முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். மூன்றும் உப்பியிருந்தன. நடுவில் இருந்தது காப்புக் கயிற்றைப் பிதுக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் வயிறு தள்ளியிருந்தது. கிட்டே குனிந்தால், பழுத்த பழமும் நகப்பூச்சும் கலந்த மாதிரி இனிப்பாக ஒரு வாடை. அந்த வாடை வந்தால் உள்ளே உறை கசிகிறது என்று அர்த்தம்.

தலைவர் முகம் மலர வந்தார். “பாத்தியாம்மா? நேத்து சப்பையா இருந்ததுங்க எப்பிடி பூரிச்சி நிக்குதுங்க! அருள் ஏறிடுச்சி. வாசன கூட வருது பாரு.”

“தலைவரே, இது மூணும் பறக்காது. பறக்கவும் கூடாது.”

“இன்னாம்மா சொல்ற? முகூர்த்தம் நெருங்கிகினு இருக்குது.”

“கெட்டுப்போச்சிங்க. மேல போய் தீப்பிடிச்சா—”

அவ்வளவுதான். யாகசாலையில் நின்று தீப்பிடிக்கும் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டேன். நாலு பக்கத்திலிருந்தும் என்மேல் பாய்ந்தார்கள். “அபசகுனமா பேசாதம்மா!” “அம்மன் சன்னிதியில இருந்ததுக்கு இன்னா ஆவும்?” “இந்தம்மாவ யாரு உள்ள வுட்டது?” தலைவரோ தினேஷைப் பார்த்து, “நீ எடுத்து மாட்டு தம்பி” என்றார். தினேஷின் கை நிஜமாகவே பேட்டரிப் பக்கம் போனது. நான் முறைத்ததில் பாதி வழியில் நின்றது.

இந்த இடத்தில் கவனமாகப் படியுங்கள். எனக்குத் தெரிந்த சங்கதி நிறைய. செல், வோல்ட், உறைக்குள் சேருகிற வாயு என்று ஒரு மணி நேரம் பேசுவேன். அதில் ஒரு வார்த்தைகூட அங்கே செல்லாது. கோபமாகவும் வந்தது. கோபத்தை வெளியே விட்டால் என்னைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு பேட்டரியை மாட்டிவிடுவார்கள். கீழே அத்தனை ஜனம், குழந்தை குட்டிகள். அவர்களுக்கு நான் சொல்வது புரியவேண்டும் என்றால், அவர்கள் ஏற்கெனவே பயப்படுகிற ஏதாவது ஒன்றை வைத்துத்தான் சொல்லவேண்டும். அது என்ன என்று தேடித் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் குருக்கள் அந்தப் பக்கம் வந்தார். திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், வயதானவர், ராத்திரி முழுக்கப் புகையில் இருந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“சாமி, ஒரு சந்தேகம்” என்றேன். “கலசத்துல விரிசல் விட்டா இன்னா பண்ணுவீங்க?”

“அது பின்னம், அம்மா. ஒதுக்கி வெச்சிடுவோம். பூஜைக்கு ஆகாது.”

“விக்கிரகமே பின்னமாயிட்டா?”

“எத்தன காலத்து விக்கிரகமா இருந்தாலும் ஆகாது. தண்ணியில விட்டுடணும்.”

“இந்த மூணும் பின்னமாயிடுச்சி, சாமி. நேத்து பலகை மாதிரி சமமா இருந்தது. இப்ப உருவம் மாறிடுச்சி. நீங்களே பாருங்க.”

குருக்கள் குனிந்தார். ஒரு விரலால் நடுப் பேட்டரியின் வயிற்றைத் தொடப் போய், சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். “ஆமா தலைவரே, உருவம் மாறித்தான் இருக்கு. இதை எடுத்தா தோஷம்” என்றார்.

என்னைத் திட்டிய வாய்கள் எல்லாம் “பின்னம், பின்னம்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டன. பத்து நிமிஷமாக நான் தொண்டை கிழியச் சொன்னதும் அதே விஷயம்தான்.

ஆனால் பின்னமானதை வழியனுப்பவும் முறை இருக்கிறதே. ஒருவர் காப்புக் கயிற்றை அறுக்கக் கத்தியோடு வந்தார். இன்னொருவர் ஆரத்தி காட்டக் கற்பூரத்தோடு வந்தார். உப்பிய லிப்போவுக்குக் கத்தியும் ஆகாது, நெருப்பும் ஆகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் தடுக்க என்னிடம் இருந்தது இரண்டு கை. வலது கையால் கத்திக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தேன், இடது கையால் கற்பூரத்தட்டைத் தள்ளினேன். தட்டு தலைவர் காலில் போய் விழுந்தது. அன்றைக்கு முழுக்க அவருக்கு என்மேல் இருந்த வருத்தத்தில் அதுவும் ஒன்று.

காப்போடும் பூவோடும் அவற்றை எடுத்தேன். தோல் கையுறை போட்டு, கொத்தனார்களின் இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, ஒவ்வொன்றாகக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோனேன். திருப்பணிக்கு வாங்கி மிஞ்சிய மணல் அங்கே குவிந்து கிடந்தது. சுற்றிலும் வெறும் தரிசு. மணலில் மூன்றையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, மிச்சச் சார்ஜ் இறங்க ஊறவைக்கவேண்டும், ஓர் அண்டா உப்புத் தண்ணீர் கொண்டுவாருங்கள் என்றேன். என் பின்னாலேயே வந்திருந்த செல்லம்மா அண்டாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு மணலைப் பார்த்தாள்.

“இது நாங்க சொமந்த மண்ணாச்சே. இதுக்குக்கூட ஒதவுதா?”

அவள் சொல்லி வாய் மூடவில்லை. நடுப் பேட்டரி ‘உஸ்’ என்று ஒரு மூச்சு விட்டது. “தள்ளுங்க!” என்று கத்தி, அவளை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வெள்ளையாகப் புகை பீறிட்டது, பிறகு ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு. “புகைய மோக்காதீங்க, காத்துக்கு எதிர்ப்பக்கம் வாங்க” என்று நான் விரட்ட, தினேஷ் தூரத்திலிருந்தே மண்வெட்டியால் மணலை வாரி வாரி வீசினான். நல்லவேளை, தள்ளி வைத்திருந்ததால் மற்ற இரண்டுக்கும் பரவவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் புகையைப் பார்த்த கூட்டம் “ஓம் சக்தி!” என்று ஒரே குரலில் முழங்கியது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் பாதிப்பேர்.

தலைவர் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. அவர் அந்த நெருப்பைப் பார்த்தார், வாசல் பக்கம் நிறைந்திருந்த ஜனத்தைப் பார்த்தார், முகம் வெளுத்துப்போனது. என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

“வேணாம்மா. எதுவுமே பறக்க வேணாம். நீ கொண்டாந்திருக்கியே ஒண்ணு, அதுவும் வேணாம். எடுத்துகினு போயிடு.”

பாருங்கள், கொஞ்ச நேரம் முன்னால் வெடிக்கப் போகிறதையே பறக்கவிடச் சொன்ன மனிதர், இப்போது நல்லதையும் வேண்டாம் என்கிறார்.

“அப்ப சத்தியம்?” என்றாள் செல்லம்மா.

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லுங்க தலைவரே. அங்க எங்க ஜனம் காலையிலேர்ந்து நிக்குது. இந்தத் தபா நிச்சயம் வரும்னு நான் வூடு வூடா போய் சொல்லிட்டு வந்திருக்கேன். நான் போய் இன்னான்னு சொல்றது?” அவள் குரல் கடைசியில் உடைந்துவிட்டது. கரும்புச் சோகை முகத்தைக் கிழித்தாலும் சத்தம் போடாதவள் அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் அழுகிறாள் என்பதற்காக நான் பெட்டியைத் திறக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அழுகிறவர்களுக்காகப் பேட்டரி கொடுப்பதும் அதட்டுகிறவர்களுக்காகக் கொடுப்பதும் ஒன்றுதான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி, கோயில் நிழலில் தரையில் உட்கார்ந்தேன். நாலாவதை எடுத்துச் சமமான கல்லில் வைத்தேன். ஆடவில்லை, அடி சமமாகப் படிந்தது. உள்ளங்கையை வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. நாலு மூலையும் தடவினேன், மெத்து இல்லை. மீட்டரை மாட்டினேன், எல்லா செல்லும் ஒரே அளவு காட்டியது. மூக்கருகே கொண்டுபோனேன். இனிப்பு வாடை இல்லை, நேற்றைய மக்காச்சோள மருந்து வாடைதான் அடித்தது. அந்த நாற்றம் அன்றைக்கு எனக்குச் சாம்பிராணி மாதிரி இருந்தது.

“இது பறக்கும். ஒரே ஒரு தடவ” என்றேன்.

செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பேட்டரியைப் பார்த்தாள். “உள்ள வராதன்னு வெளிய நிக்க வெச்சாங்களே, அதுவா?”

“அதேதான்.”

“நம்ம ஆளு” என்றாள்.

தலைவர் அரை மனசோடு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட வேகத்திலேயே பழைய தலைவராகவும் ஆகிவிட்டார். “ஒரு தடவதான்னா மொதல்ல முன்வரிசையில ஆரம்பிச்சிடுங்க. வெளியூர்லேர்ந்து பெரிய மனுஷங்கல்லாம் வந்திருக்காங்க. அப்பறமா அப்பிடியே பின்னாடி…”

“முடியாதுங்க” என்றேன். “பேட்டரி நெறஞ்சிருக்கும்போது தூரமா போவணும், கொறைய கொறைய கிட்ட வரணும். காலியாவற நேரத்துல தூரத்துல மாட்டிகினா ஜனத்துக்கு நடுவுல வுழும். ட்ரோன் கிளம்பி எறங்கற எடம் கோயில் வாசல். அதனால மொதல்ல தெக்குத் தெரு, அப்பறம் நடு, கடைசியா முன்வரிசை.”

இது நான் அந்த நேரத்துக்காகக் கண்டுபிடித்த சட்டம் இல்லை. கரும்புக் கொல்லையிலும் இதுதான் சட்டம், நீங்களும் இப்படித்தான் பறக்கவேண்டும். ஆனால் அதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் எந்தக் கரும்புக் கொல்லையிலும் இருந்ததில்லை.

முகூர்த்தம் வந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. கலசம் ஏறியது. கருடன் வட்டமிடும்வரை பொறுக்கச் சொன்னார்கள், எல்லாரும் அண்ணாந்து நின்றோம். வந்தது, இரண்டு சுற்று சுற்றியது, மலைப்பக்கம் போய்விட்டது. அதற்கும் சார்ஜ் கம்மி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோபுரத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். நான் தினேஷைப் பார்த்துத் தலையசைத்தேன்.

ட்ரோன் கயிறு கட்டிய சந்துக்கு மேலே நேராகக் கடைசிவரை போய், தெற்குத் தெரு ஜனம் நின்ற இடத்தில் தூவ ஆரம்பித்தது. முதலில் அவர்கள் நம்பவில்லை. கையை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு முகத்தைத் தூக்கினார்கள். பெண்கள் சொம்பையும் குடத்தையும் தலைக்கு மேலே பிடித்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் மார்பில் வாங்கிக்கொண்டார். செல்லம்மா கண்ணை மூடி நின்றாள், நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ட்ரோன் நிதானமாகத் திரும்பி, நடுக்கூட்டத்தை நனைத்துக்கொண்டு வாசலை நோக்கி வந்தது. முன்வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைகள் நாற்காலியிலிருந்து எழுந்து, தீர்த்தம் வாங்கத் தயாராகக் கைகூப்பி நின்றன. வெயில் படக்கூடாது என்று அவர்களுக்கு மட்டும் தகரப் பந்தல் போட்டிருந்ததால் கோபுரத்திலிருந்து தெளித்த தண்ணீரும் அவர்கள்மேல் விழுந்திருக்கவில்லை. பந்தலை விட்டு வெளியே வந்தார்கள். இன்னும் நாலு எட்டு தூரம்தான். அப்போது தினேஷ் கையிலிருந்த கருவி ‘பீப் பீப்’ என்றது.

தினேஷ் என்னைப் பார்த்தான்.

“வந்திடுச்சிம்மா, இந்தா எதிர்லயே நிக்கிறோம். கொஞ்சம் தூவிட்டு எறக்கச் சொல்லு” என்றார் தலைவர், கைகூப்பியபடியே.

டேங்க்கில் தண்ணீர் இருந்தது. பேட்டரியிலும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சம் இறங்குவதற்கு. அதைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. தினேஷ் இந்தத் தடவை தலைவரைப் பார்த்து, “முடியாதுங்க” என்றான். அவன் வாயில் அந்த வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான். ட்ரோனை அலுங்காமல் வாசலில் இறக்கினான்.

ஊரே நனைந்து நின்றது. முன்வரிசை மட்டும் மொடமொடவென்று காய்ந்த சட்டையோடு நின்றது.

நான் பேட்டரியைக் கழற்றி நிழலில் வைத்துவிட்டு, அதன்மேல் யாருக்கும் பாசம் வந்துவிடாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். தலைவர் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் நடந்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிற்றுச் சந்து வழியாகப் பின்னால் போனார். கடைசியில் செல்லம்மா சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். சொம்புத் தண்ணீரில் நாலு துளி விழுந்தாலும் சொம்பு முழுக்கத் தீர்த்தம்தான், அதில் எந்தக் குருக்களுக்கும் சந்தேகம் கிடையாது.

“எனக்கும் கொஞ்சம் தெளிச்சி வுடும்மா” என்றார்.

செல்லம்மா வேப்பிலையைச் சொம்பில் நனைத்தாள். அவர் நல்ல உயரம். “எட்டல தலைவரே, குனிங்க.”

குனிந்தார். அவள் தெளித்தாள். அவர் குனிந்தபடியே இருந்தார். “இன்னும் கொஞ்சம் போடும்மா.”

“போதும், நகருங்க” என்றாள் செல்லம்மா. “பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க.”

தலைவர் திரும்பிப் பார்த்தார். முன்வரிசை மொத்தமும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றது.